பியானோவை விட்டுட்டு சேற்றுக்கு வந்தவர்

தப்பான கோர்ஸ் எடுத்துட்டோமோன்னு யோசிக்கிற ஆளா நீங்க? அப்போ செர்கெய் வினோகிராட்ஸ்கியைத் தெரிஞ்சுக்கோங்க. 1856-ல் கீவ் நகரில் பிறந்தவர். முதலில் சட்டம் படித்தார், பிடிக்கவில்லை. இயற்கை அறிவியலுக்கு மாறினார், அதையும் விட்டார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் பியானோ கற்கப் போனார். 1877-ல் மறுபடியும் அறிவியலுக்கே வந்துட்டார். இந்தத் தடவை விடல.

1885-ல் ஸ்ட்ராஸ்பர்க் போய், கந்தக ஊற்றுகளிலும் சேற்றிலும் வளரும் பெஜியட்டோவா என்ற பாக்டீரியாவைக் கையில் எடுத்தார். நூல் மாதிரி நீளமா இருக்கும், உள்ளே கந்தகத் துகள்கள். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடு இருக்கே, ப்ளஸ் டூ லேபில் நம்மை மூக்கைப் பொத்த வைத்த அதே வாயு, அதை நிறுத்தினால் துகள்கள் கரைந்து காணாமல் போயின. திரும்பக் கொடுத்தால் திரும்ப வந்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு விஷயம் புரிந்தது: இந்த உயிர் அந்த வாயுவை ஆக்சிஜனேற்றம் செய்து, அதிலிருந்து வரும் ஆற்றலில் வாழ்கிறது. சர்க்கரை வேண்டாம், வெயிலும் வேண்டாம். ஆனா இடம் சரியா அமையணும். வாயு கீழே சேற்றிலிருந்து வரணும், ஆக்சிஜன் மேலிருந்து வரணும், ரெண்டும் சந்திக்கிற மெல்லிய எல்லையில்தான் இதற்கு வாழ்க்கை.

பிறகு சூரிச்சில், மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். எல்லாரும் சத்தான ஜெலட்டினில் தேடித் தோற்றபோது, இவர் உணவே இல்லாத சிலிக்கா ஜெல்லில் வளர்த்துக் காட்டினார். எனக்குப் பிடித்த மூவ் இதுதான்.

நடுவில் பல வருஷம் ஆராய்ச்சியை விட்டுட்டு சொந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரஷ்யப் புரட்சி எல்லாவற்றையும் பறித்தது. 1922-ல், 66 வயதில், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துக்காக ப்ரீ-கோம்ட்-ரோபேர் என்ற சின்ன ஊரில் மறுபடி ஆரம்பித்தார். அங்கே அவர் வலியுறுத்தியது ஒன்று: லேபில் கொழுக்க வளர்த்த பாக்டீரியாவை வைத்து மண்ணைப் பற்றி முடிவு கட்டாதீங்க, மண்ணையே பாருங்க.

இது இன்னைக்கு ஏன் முக்கியம்னா, காற்றில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் அரைப் பங்குதான். காற்றிலிருந்து நீங்கும் ஹைட்ரஜனில் முக்கால்வாசியை மண் பாக்டீரியாக்கள்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் லேபில் ரொம்ப காலமாகத் தெரிந்த ஹைட்ரஜன் பாக்டீரியாக்களுக்கு அவ்வளவு குறைந்த அளவு போதாது. அந்த வேலையைச் செய்யும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைகள் 2000-க்குப் பிறகுதான் பிடிபட்டன, அதுவும் மண்ணிலேயே தேடியபோது. மண் ரொம்பக் காய்ந்தால் அவை வேலையை நிறுத்திவிடும். ரொம்ப நனைந்தால் துளைகளில் தண்ணீர் அடைத்துக்கொண்டு வாயு உள்ளேயே போகாது. லேசான ஈரம்தான் சரி.

பச்சை ஹைட்ரஜன் பைப்லைன் போடப்போறவங்க நம்ம பேட்ச்லயும் இருப்பீங்க. கசிகிற ஹைட்ரஜன், காற்றில் மீத்தேனை அழிக்கும் ஹைட்ராக்சில் துகள்களைத் தின்றுவிடுவதால் மீத்தேன் நீண்ட நாள் தங்கும். அதில் மண் எவ்வளவு இழுத்துக்கொள்ளும் என்பது அந்தந்த இடத்து ஈரத்தைப் பொறுத்தது.

வினோகிராட்ஸ்கி 1953-ல் அதே ஊரில் இறந்தார். அவர் பேரில் ஒரு எளிய சோதனை இருக்கு: பாட்டிலில் குளத்துச் சேறு, கிழித்த காகிதம், கொஞ்சம் முட்டை மஞ்சள் கரு, மேலே குளத்துத் தண்ணீர் போட்டு மூடி, ஜன்னலோரம் சில வாரம் வைக்கணும். பச்சை, ஊதா, கருப்புன்னு அடுக்கடுக்கா நிறம் வரும். ஹாஸ்டல் ரூமில் மட்டும் வேண்டாம், திறந்தால் நாறும்.