கறுத்துப்போன ஆயிலும் ருடால்ஃப் டீசலும்



போன வருஷம் எங்க வீட்டில் ஒரு பெரிய சண்டை. என் மாமா லோடு வண்டி வைத்திருக்கிறார். பிள்ளையார்பாளையத்தில் பட்டுப்புடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய் வருவார். டீசல் வண்டி. வழக்கமாகப் போகிற மெக்கானிக் அண்ணனிடம் ஆயில் மாற்றினார். புது ஆயில் தேன் கலரில் இருந்ததாம். நாலு நாள் கழித்து கேஜை உருவிப் பார்த்தால் மை மாதிரி கறுப்பு! பழைய ஆயிலையே ஊற்றிவிட்டு புது ஆயிலுக்குக் காசு வாங்கிவிட்டான் என்று மாமா நேரே போய்க் கத்திவிட்டார். பத்து வருஷப் பழக்கம். ரெண்டு பேரும் பேச்சையே நிறுத்திட்டாங்க.

யார் மேல தப்பு? எங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். முதலில் அந்த எஞ்சினைக் கண்டுபிடித்தவரைப் பற்றிப் படி, பதில் தானாகக் கிடைக்கும் என்றார். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

டீசல் என்பது ஒரு எண்ணெயின் பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர்! ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரீஸ் நகரில் பிறந்தார். அப்பா, அம்மா ஜெர்மன்காரர்கள். அப்பா தோல் வேலையும் புத்தக பைண்டிங்கும் செய்தவர். வசதியான குடும்பம் இல்லை. 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் வந்தது. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கே எல்லோரையும் காப்பாற்ற வழி இல்லை. 12 வயசுப் பையனைத் தனியாக ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்ற ஊரில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாஸ்டலுக்குப் போகவே அழுகிறோமே, நாம் யோசித்துப் பார்க்கணும்!

அங்கே நன்றாகப் படித்தார். மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் கார்ல் வான் லிண்டே அவருக்கு ஆசிரியர். குளிர்பதன இயந்திரங்களில் பெரிய மேதை அவர். 1880-ல் மிக நல்ல மதிப்பெண்ணோடு தேறிய டீசல், லிண்டேயின் ஐஸ் இயந்திரத் தொழிலிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் எங்கும் நீராவி எஞ்சின்தான். நிலக்கரியை எரித்தால் வரும் வெப்பத்தில் நூற்றுக்குச் சுமார் 10 பங்குதான் வேலையாக மாறும். மிச்சம் எல்லாம் வீண். இந்த வீணைக் குறைக்க முடியாதா என்பதுதான் டீசலின் கவலை. காற்றை ரொம்ப அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அது மாதிரி. பொறியே இல்லாமல் எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் அளவுக்குக் காற்றை அழுத்தினால் என்ன? இதுதான் அவர் யோசனை. 1893-ல் காப்புரிமை வாங்கினார்.

ஆனால் உடனே வெற்றி வரவில்லை. 1893 ஆகஸ்டில் முதல் சோதனை. அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. நல்லவேளை, டீசல் தப்பினார். 1894 பிப்ரவரியில் எஞ்சின் தானாக ஓடியது. எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரே ஒரு நிமிஷம்! எரிபொருளும் காற்றும் சரியாகக் கலந்து எரிய வைக்கும் வழியைத் தேடியே வருஷங்கள் போயின. கடைசியில் 1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் ஷ்ரோட்டர் முறைப்படி சோதித்தார். வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது. உலகமே திரும்பிப் பார்த்தது. 1900-ல் பாரீஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நம்ம ஊர்ப் பக்கமும் விளைகிற வேர்க்கடலையின் எண்ணெயில் ஓடியது!

இப்போ மாமாவின் ஆயிலுக்கு வருவோம்.

பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலும் பெட்ரோலும் காற்றும் முன்பே கலந்துதான் சிலிண்டருக்குள் போகும். டீசல் எஞ்சினில் அப்படி இல்லை. முதலில் காற்று மட்டும் உள்ளே போகும். அதை 15 முதல் 20 மடங்கு வரை சுருக்கினால் 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்த நேரத்தில் டீசலைத் துளித்துளியாகப் பீய்ச்சுவார்கள். உடனே பற்றிக்கொள்ளும். காற்றோடு கலக்கக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு. துளிகள் நெருக்கமாக இருக்கிற இடத்தில் ஆக்சிஜன் போதாது. அங்கே டீசல் முழுசாக எரியாமல் கரியாகிவிடும். அகல் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து பாட்டி கண்மை எடுப்பாங்களே, அதே கரிதான்.

இந்தக் கரியில் பெரும்பகுதி புகையோடு வெளியே போய்விடும். கொஞ்சம் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். பிஸ்டன் ரிங் அதை வழித்துக் கீழே சம்ப்புக்கு அனுப்பும். ரிங் இடுக்கு வழியாகக் கசியும் புகையும் கொஞ்சம் கரியைக் கொண்டுவரும். ஒவ்வொரு துகளும் ஒரு மைக்ரானுக்கும் சின்னது. ஆயில் பில்டர் இவ்வளவு சின்னதைப் பிடிக்காது.

ஆயிலில் இதற்கென்றே ஒரு மருந்து கலந்திருக்கிறார்கள். அது கரித்துகள்களை ஒன்றோடு ஒன்று சேரவிடாமல், அடியில் படியவிடாமல் மிதக்க வைக்கும். அதனால்தான் ஆயில் கறுப்பாகத் தெரிகிறது. அதாவது கரி எஞ்சினில் ஒட்டாமல் ஆயிலில் இருக்கிறது என்று அர்த்தம். நம்ம ஊரில் சாயம் போடுவதற்கு முன் பட்டு நூலை சோப்புத் தண்ணீரில் வேகவைப்பார்கள். தண்ணி கலங்கிப்போகும், நூல் பளபளன்னு வரும். தண்ணி கெட்டுப்போச்சு என்று யாராவது சண்டை போடுவாங்களா?

ஆனால் ஒரு எச்சரிக்கை. கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று அப்படியே விட்டுவிடக்கூடாது. கரி சேரச் சேர அந்த மருந்து தீர்ந்துபோகும். ஆயில் கெட்டியாகும், எஞ்சின் தேயும். அதனால் கலரைப் பார்த்து மாற்றாமல், வண்டிப் புத்தகத்தில் சொல்லியிருக்கிற கிலோமீட்டர் கணக்கில் மாற்றணும். ஆயில் பால் கலந்த மாதிரி ஆனால் தண்ணீர் கலந்திருக்கும். அளவு தானாக ஏறி டீசல் வாசனை அடித்தால் டீசல் கலந்திருக்கும். அப்போதுதான் மெக்கானிக்கிடம் ஓடணும்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பட்டு நூல் உதாரணத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். மெக்கானிக் அண்ணன் முகம் கொடுக்கவில்லை. மாமாதான் முதலில் பேசினார், தப்பு தன்னுடையதுதான் என்று. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் மூணு டீ வாங்கிவரச் சொன்னார்.

டீசலின் கதை மட்டும் இப்படி நல்லா முடியவில்லை. கண்டுபிடிப்பால் பெரிய பணக்காரர் ஆனார். வழக்குகளாலும் தவறான முதலீடுகளாலும் எல்லாம் கரைந்தது. உடம்பும் கெட்டது. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குப் போக டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். மறுநாள் காலையில் அவர் அறை காலி. சில நாள் கழித்து கடலில் கிடைத்த உடலில் இருந்த பொருள்களைப் பார்த்து அவர் மகன் அடையாளம் சொன்னார். வயது 55. லாரிகளிலும் பஸ்களிலும் தன் எஞ்சின் ஓடியதை அவர் பார்க்கவே இல்லை. அது 1920-களில்தான் வந்தது.

அடுத்த முறை நம்ம பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டால், ஒரே ஒரு நிமிஷம் ஓடிய அந்த முதல் எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், காரணம் தெரியாமல் யாரையும் திருடன் என்று சொல்லாதீர்கள்!

செய்து பாருங்கள்: ஆய்வகத்தில் கிடைக்கும் வடிதாளில் ஓடிய டீசல் எஞ்சின் ஆயிலை ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். (ஆயிலைப் பெரியவர்களை எடுத்துத் தரச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்!) கறுப்பு ஒரே சீராகப் பரவினால் மருந்து வேலை செய்கிறது. நடுவில் மட்டும் கட்டியாக நின்றுவிட்டால் ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு