மூன்றாம் முறை தேறியவர்

இரண்டாம் ஆண்டில் உயிர்வேதியியல் தாளில் நான் தோல்வியடைந்தேன். உணவு சக்தி தருகிறது என்று தமிழ்ப்பள்ளியில் படித்தேன். அதையே இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் மனனம் செய்தேன். சோறு எப்படித் தசையின் அசைவாகிறது என்பது மட்டும் எந்த மொழியிலும் எனக்கு விளங்கவில்லை. தோல்வியை வீட்டில் சொல்லவும் துணிவில்லை. மறுதேர்வுக்குப் படிக்கும்போதுதான் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற பெயரைக் கண்டேன்.

சுப்பாராவ் 1895-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, சென்னை இந்து உயர்நிலைப்பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறினார். சகோதரர் இருவரை ஸ்புரூ என்னும் குடல் நோய் அடுத்தடுத்துக் கொன்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

மனம் தளராமல், மாமனாரின் பண உதவியுடன் அமெரிக்கா சென்றார். மருத்துவமனையில் கழிகலம் சுத்தம் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆய்வு செய்தார். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அறிஞர்கள் நம்பிய காலம் அது. சுப்பாராவும் சைரஸ் ஃபிஸ்கேயும் 1927-இல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும் 1929-இல் ஏ.டி.பி.யையும் கண்டறிந்தனர். அதே 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார்.

இங்கேதான் எனக்கு விளங்கியது. உண்ட உணவு வங்கியில் போட்ட பணம். ஏ.டி.பி.யோ சட்டைப்பையில் இருக்கும் சில்லறை. உயிரணு உணவைச் சிதைத்து, அதில் வரும் சக்தியைக் கொண்டு ஏ.டி.பி.யை உருவாக்குகிறது. அதன் கடைசிப் பாஸ்பேட் பிரியும்போது தசை இழைகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. தசையிலுள்ள ஏ.டி.பி. சில விநாடிகளுக்கே போதும். அது தீர்ந்தால் பாஸ்போகிரியேட்டின் கைமாற்றுக் கொடுக்கிறது. நூறு மீட்டர் ஓட்டக்காரரைத் தாங்குவது இந்தக் கைமாற்றுத்தான். சுருங்கிய தசை தளர்வதற்கும் ஏ.டி.பி. வேண்டும். அது கிடைக்காததால்தான் இறந்தவர் உடல் விறைக்கிறது.

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்காததால், 1940-இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூவுக்கு அது மருந்தாயிற்று. அந்த வழியில் பிறந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. யானைக்கால் நோய்க்கான மருந்தும் அக்குழுவின் கொடையே. நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. மனைவியை ஊரில் விட்டுச் சென்றவர் திரும்பவே இல்லை. 1948-இல், 53 வயதில் அமெரிக்காவிலேயே மறைந்தார்.

அவர் கதையைப் படித்த அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை; மறுதேர்வு எப்போது என்று மட்டும் கேட்டார். சுமாரான மதிப்பெண்ணில் தேறினேன். இவ்வாண்டு ஏதேனும் ஒரு தாளில் தவறிய தம்பி தங்கைகளே, முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். பிறகு புத்தகத்தைத் திறங்கள்.