ஸர் பிட்டி தியாகராயச் செட்டியார்

நாடாளுதல் பெரிய மன்றங்களில் மட்டும் நிகழ்வதன்று. தெருவிளக்கிலும், குடிநீர்க் குழாயிலும், கழிநீர்க் கால்வாயிலும், பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கூடத்திலுமே அது குடிகளின் கண்ணுக்குப் புலனாகின்றது. இவ்வுண்மையைத் தம் வாழ்நாளால் விளக்கிக் காட்டிய பெரியார் ஒருவரது சரிதத்தை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

தியாகராயர் 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் தேவாங்கர் குலத்திற் பிறந்தார். சென்னை இராசதானிக் கலாசாலையிற் பயின்று 1876-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். உத்தியோகம் நாடாது குலத்தொழிலாகிய நெசவைக் கைக்கொண்டு, ஏறக்குறைய 100 தறிகள் கொண்ட தொழிற்சாலை நடத்தினார்.

1882 முதல் சுமார் 40 ஆண்டுகள் அவர் சென்னை நகரசபையில் அங்கத்தினராய் விளங்கினார். அச்சபையில் 1904 முதல் 1916 வரை திருவல்லிக்கேணியின் பிரதிநிதியாயிருந்தவர் டாக்டர் டி. எம். நாயர். இருவரும் சபையில் முரண்பட்டு நின்றவர்களே. டாக்டர் நடேச முதலியார் இடைநின்று அவர்களை இணக்கினார். 1916-இல் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் தோன்றியது. பொதுநலம் வேண்டுமிடத்துச் சொந்தப் பிணக்கை ஒதுக்குதல் எளிய செயலன்று.

1919-ஆம் ஆண்டு முனிசிபல் சட்டத்தால் நகரசபை தன் தலைவரைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றது. அவ்வுரிமையின்படி அரசாங்க உத்தியோகஸ்தரல்லாத முதல் தலைவராக அமர்ந்தவர் தியாகராயரே. அவர் தலைமையில், 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள நகரசபைப் பள்ளியில் ஏழைச் சிறுவர்க்கு நண்பகலுணவு அளிக்கச் சபை தீர்மானித்தது. தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு! பசித்த வயிற்றோடு வந்த பிள்ளை பாடத்தில் மனம் பதிப்பது எங்ஙனம்? பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் இவ்வேற்பாடு பரவியது. 1922-23-இல் 811 ஆக இருந்த மாணாக்கர் தொகை 1924-25-இல் 1,671 ஆயிற்று. ஆரம்பக் கல்வி நிதியினின்று இச்செலவு செய்ய அரசாங்கம் உடன்படாமையால் 1925 ஏப்ரல் 1 முதல் உணவு நின்றது. அதே மாதம் 28-ஆம் நாள் தியாகராயரும் மறைந்தார். எனினும் அவ்வித்து பட்டுப்போகவில்லை; பிற்காலத்தில் மாகாணமெங்கும் தழைத்ததை நாம் அறிவோம்.

1920 தேர்தலில் அவர் கட்சி வென்றபோது முதன்மந்திரிப் பதவி அவரை நாடி வந்தது. அதனை ஏலாது சுப்பராயலு ரெட்டியாரை அமர்வித்துத் தாம் நகரசபைத் தலைமையிலேயே 1922 வரை நின்றார். மாம்பலத்து ஏரி நிலத்தில் எழுந்த தியாகராய நகரம் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

நம் பாலவாக்கமும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து, அதன் 200 வட்டங்களுட்பட்டது. 2016 முதல் 2022 வரை தேர்தலின்றிக் கவுன்சிலரே இல்லாது நகரம் கழிந்த காலத்தில், குறையை எவரிடம் முறையிடுவதென்று குடிகள் திகைத்ததை நாம் மறத்தற்கில்லை. வட்டத்து வாக்கைச் சிறிதென்று எண்ணிச் சோம்பியிராது, இன்னார் மகன் என்பதை நோக்காமல், நம் பிள்ளைகளின் பள்ளியை எவர் பேணுவர் என்பதையே நோக்கி அதனை அளித்தல் நம் கடனாகும்.