நாடு மறந்த நோயியல் மேதை

வேப்பூர் மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. வாந்திபேதி என்ற சொல்லுக்கே ஊர்கள் அஞ்சி நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்நோய் உடலுக்குள் நிகழ்த்துவது என்ன என்பதை உலகுக்கு விளக்கியவர் ஓர் இந்தியர். அவர் சம்புநாத் டே.

வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் 1915-ஆம் ஆண்டு எளிய குடும்பத்தில் பிறந்த டே, கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்றார். 1949-இல் லண்டனில் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக், 1884-இல் கொல்கத்தாவில் ஆராய்ந்தபோதே காலரா கிருமி ஒரு நஞ்சை வெளியிடக்கூடும் எனக் கருதினார். ஆனால், முக்கால் நூற்றாண்டாக அந்த நஞ்சு எவர் கையிலும் சிக்கவில்லை. அது குருதியில் கலந்து உடலைத் தாக்குவதாக எண்ணிப் பலரும் தேடினர். நோயின் களம் குடல்தானே, அங்கேயே தேடினால் என்ன என்று சிந்தித்தார் டே.

முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் காலரா கிருமியைச் செலுத்தினார். அப்பகுதி நீர் நிரம்பி வீங்கியது. 1953-இல் வெளியான இந்த எளிய முறையே பின்னர் உலக ஆய்வகங்களின் கருவியாயிற்று. 1959-இல் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கிருமிகளை வளர்த்த நீர்மத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் வீங்கியது. நோயை விளைவிப்பது கிருமி சுரக்கும் நஞ்சே என்பது உறுதியாயிற்று. அது ஒரு புரதம் என்பதும், குடல் செல்களை அழிக்காமலேயே அவற்றிலிருந்து நீரை வெளியேறச் செய்கிறது என்பதும் பின்னர் தெளிவாயின. சால்மோனெல்லா கிருமி ஊசி போன்ற நுண்ணமைப்பால் தன் புரதங்களை நம் செல்களுக்குள் செலுத்துவதை இன்று அறிவோம். கிருமிகள் புரதங்களையே படைக்கலமாக்கும் உண்மையை உணர்த்திய முன்னோடிச் சோதனைகளுள் டேயின் சோதனையும் ஒன்று.

காலராவில் குடலின் உறிஞ்சும் திறன் முற்றிலும் அழிவதில்லை. எனவேதான் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர் காக்கிறது. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் அதை மெய்ப்பித்தார்.

1973-இல் ஓய்வு பெற்ற டேயை, 1978-இல் நோபல் அறக்கட்டளை தனது காலரா கருத்தரங்குக்கு அழைத்தது. நோபல் அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க் அவரைப் பரிசுக்கும் பரிந்துரைத்தார். தாய்நாடோ பெரிய விருது எதையும் அளிக்கவில்லை. நம் அறிவியல் கழகங்கள் அவரை உறுப்பினராகவும் ஏற்கவில்லை. 1985-இல் அவர் மறைந்தார். 1990-இல்தான் பெங்களூரின் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவருக்குச் சிறப்பிதழ் வெளியிட்டது.

ஆய்வுக்கு எவ்வளவு நிதி ஒதுக்கினோம் என்று கணக்கிடுவது பொருளாதாரம் பயின்ற என் போன்றோரின் வழக்கம். டேயின் மூலதனம் நூலும் ஊசியும் வடிகட்டியும் தெளிந்த சிந்தனையுமே. நிதிப் பற்றாக்குறையைக் காலப்போக்கில் ஈடுசெய்யலாம். தகுதியை உரிய காலத்தில் உணராத குறையை எந்த நிதிநிலை அறிக்கையாலும் ஈடுசெய்ய இயலாது.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).