கொள்ளைநோயின் நடுவே நிவேதிதை

அயர்லாந்தின் டங்கானன் நகரில் 1867-ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று பிறந்தவர் மார்கரெட் நோபிள். இங்கிலாந்தில் ஆசிரியப் பணியாற்றி வந்த அவர், 1895-இல் லண்டனில் சுவாமி விவேகானந்தரைக் கண்டார். 1898 ஜனவரியில் கல்கத்தா வந்தடைந்தார். அவ்வாண்டு மார்ச் 25 அன்று சுவாமிஜி அவருக்குப் பிரம்மசரிய தீட்சை அளித்து, அர்ப்பணிக்கப்பட்டவள் என்று பொருள்படும் நிவேதிதை என்ற திருநாமத்தைச் சூட்டினார். அந்த அர்ப்பணத்திற்கான சோதனை விரைவிலேயே வந்தது.

1898-இல் கல்கத்தாவில் தோன்றிய பிளேக் நோய் மறு ஆண்டு மீண்டும் தலைதூக்கியது. நோயினும் விரைவாகப் பரவியது அச்சம். 1899 மார்ச் இறுதியில் ராமகிருஷ்ண மிஷன் நிவாரணப் பணியைத் தொடங்கியது. செயலாளர் பொறுப்பு நிவேதிதையிடமும், களப்பணியின் தலைமை சுவாமி சதானந்தரிடமும் ஒப்படைக்கப்பட்டன. சதானந்தர் துப்புரவுத் தொழிலாளர்களை அழைத்துக்கொண்டு பாக்பஜார், சியாம்பஜார் பகுதிகளின் குடிசைகளுக்கிடையே தேங்கிக் கிடந்த குப்பைகளை அகற்றினார்.

பெருநகரின் துயருக்குச் சிலரது உழைப்பு போதுமா? ஏப்ரலில் கிளாசிக் தியேட்டரில் சுவாமிஜியின் தலைமையில் நடந்த கூட்டத்தில், பிளேக் காலத்தில் மாணவர்களின் கடமை குறித்து நிவேதிதை உரையாற்றினார். சுமார் 15 மாணவர்கள் தொண்டாற்ற முன்வந்தனர். அவர்கள் மருத்துவர்கள் அல்லர், சாதாரண இளைஞர்கள். இரக்கம் இருந்தால் மட்டும் போதாது, செய்யும் முறையும் தெரிய வேண்டும் என்பதை ஆசிரியையான நிவேதிதை நன்கறிவார். குடிசைகளை வீடுவீடாகப் பார்வையிடுவது, சுகாதாரத் துண்டுப் பிரசுரங்களை வழங்குவது, அஞ்சியவர்களிடம் அமைதியாக எடுத்துரைப்பது ஆகிய பணிகள் அவர்களுக்கு வகுத்தளிக்கப்பட்டன. ஞாயிறுதோறும் அவர்கள் கூடி, செய்ததைக் கூறி, மேலே செய்ய வேண்டியதைக் கேட்டறிந்தனர்.

அவர் சொல்லிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஒருநாள் தெருவைச் சுத்தம் செய்ய ஆள் கிடைக்காதபோது, தாமே துடைப்பத்தை எடுத்தார். அதைக் கண்டு நாணிய அப்பகுதி இளைஞர்கள் தாங்களும் பணியில் இறங்கினர். தாயைப் பறிகொடுத்த ஒரு சிறுவனை, ஈரம் கசிந்த குடிசையில் இரவும் பகலும் மடியில் வைத்துப் பேணினார். அக்குடிசைக்குத் தம் கையாலேயே சுண்ணாம்பும் அடித்தார். டாக்டர் ராதா கோவிந்த கர் இதை நேரில் கண்டவர். நினைவு தடுமாறிய அச்சிறுவன் அவரையே தன் தாயென்று எண்ணிப் பற்றிக்கொண்டு உயிர்நீத்தான்.

1911 அக்டோபர் 13 அன்று டார்ஜிலிங்கில் நிவேதிதை மறைந்தார். வெள்ளமோ தீயோ நோயோ சூழும்போது முதலில் வந்து நிற்கக்கூடியவர் அண்டை வீட்டாரே. அவர் வெறுங்கையோடும் கலங்கிய மனத்தோடும் வராதிருக்க, ஆபத்து வருமுன்பே பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அத்தகைய பயிற்சியும் இறைவழிபாட்டின் ஓர் அங்கமே என்பதை நிவேதிதையின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.