ஒற்றைக் கம்பு ஆசிரியர்

குளிர் காலத்தில் ஆல்ப்ஸ் மலையைப் பனி மூடிவிடும். மக்கள் காலில் நீண்ட பலகைகளை மாட்டிக்கொண்டு, அந்தப் பனியில் சறுக்கி இறங்குவார்கள். செங்குத்தான சரிவில் நேராக இறங்கினால் என்ன ஆகும்? வேகம் கட்டுக்கு அடங்காது. கை கால் முறிய வேண்டியதுதான்!

இடமும் வலமுமாகச் சிறு வளைவுகள் போட்டு, நிதானமாக இறங்க வழி சொன்னவர் மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி.

அவர் 1856-ம் ஆண்டு பிறந்தார். ஊர் மொராவியாவில் இருந்தது. அப்போது அது ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்தது. இப்போது செக் நாட்டில் இருக்கிறது. தகப்பனார் மாவு ஆலைக்காரர். சிறு வயதில் ஒரு வெடி விபத்தில் ஸ்தார்ஸ்கியின் இடது கண் போய்விட்டது.

வளர்ந்து ஆசிரியர் ஆனார். படம் வரைந்தார், சிலை செய்தார். 1889-ல் லிலியன்பெல்டு ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் குடியேறினார்.

நார்வே பலகை

நான்சென் என்ற நார்வே வீரர் 1888-ல் கிரீன்லாந்தைச் சறுக்குப் பலகையில் கடந்தார். அந்தக் கதையைப் படித்த ஸ்தார்ஸ்கி, நார்வேயில் இருந்து பலகைகளை வரவழைத்தார். அவை மிக நீளம். ஆல்ப்ஸ் சரிவில் திருப்பவே முடியவில்லை. காலில் கட்டிய வார் தளர்ந்து, குதிகால் பக்கவாட்டில் ஆடியது.

வேறு ஒருவராக இருந்தால் பலகையை மூலையில் போட்டிருப்பார். இவர் விடவில்லை. பலகையைக் குட்டையாக்கினார். குதிகால் மேலே எழும்பும், ஆனால் பக்கவாட்டில் ஆடாது என்ற விதத்தில் இரும்புப் பிடி செய்தார். கையில் ஒரே ஒரு நீண்ட கம்பு.

பிறகு திரும்பும் வித்தை வந்தது. வலப் பலகையின் பின்முனையை வெளியே தள்ளி, உடல் பாரத்தை அந்தக் காலுக்கு மாற்ற வேண்டும். பலகை இடப்பக்கம் திரும்பும். அடுத்து இடப் பலகை. இப்படியே மாறி மாறி! பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். 1896-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

நார்வே முறைக்காரர்கள் ஒற்றைக் கம்பைக் கேலி செய்தார்கள். அவர் கவலைப்படவில்லை. காசு வாங்காமலே ஏராளமானவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்.

1905-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி, முக்கன்கோகல் மலையில் ஒரு போட்டி வைத்தார். சரிவில் 85 வாசல்கள். ஒவ்வொன்றிலும் புகுந்து வளைந்து வர வேண்டும். 24 பேர் கலந்துகொண்டார்கள்.

பனியில் புதைந்தார்

முதல் உலகப் போரில் ராணுவத்துக்குப் பனிச்சரிவு பற்றி ஆலோசனை சொன்னார். 1916-ல், பனியில் சிக்கியவர்களை மீட்கப் போனபோது, இன்னொரு பனிச்சரிவு அவரையே மூடியது. உயிரோடு எடுத்தார்கள். உடம்பில் ஏறக்குறைய 80 இடங்களில் எலும்பு முறிவும் மூட்டு விலகலும்!

அப்போது வயது 60. நிமிர்ந்து நிற்கவே புதிதாகப் பழக வேண்டியிருந்தது. தாமே கருவிகள் செய்து, உடற்பயிற்சி செய்தார். நடந்தார். மறுபடியும் பலகையை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கினார்.

1940-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி, தமது 84-வது வயதில் காலமானார்.