ராட்டை போய் சக்கரம் வந்தது எப்படி? தேசியக் கொடிக் குழுவில் இருந்த சேலத்து வக்கீல்

ஆகஸ்ட் 15 நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு வந்துவிடும்: தேசியக் கொடியை வடிவமைத்தவர் பிங்கலி வெங்கையா. தப்பில்லை. ஆனா, அது பாதிக் கதைதான். 1921-ல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், அவர் காந்தியிடம் கொண்டுபோன கொடியில் காவியும் கிடையாது, அசோகச் சக்கரமும் கிடையாது. இன்று நாம் ஏற்றும் கொடியின் வடிவம் முடிவானது 1947 ஜூலையில். அதற்கென அரசியல் நிர்ணய சபை அமைத்த குழுவில் ராஜேந்திர பிரசாத், அபுல் கலாம் ஆசாத், சரோஜினி நாயுடு, கே.எம்.முன்ஷி, அம்பேத்கர் ஆகியோருடன் சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்த ஒருவரும் இருந்தார். அவர் ராஜாஜி.

1878-ல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். அன்று சேலம் ஜில்லா. 1900 வாக்கில் சேலத்தில் வக்கீலாகி நன்றாகவே சம்பாதித்தார். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர். தீண்டாமைக்கு எதிராக அவர் நின்றது சொந்த சாதிக்காரர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. பிறகு காந்தி அழைத்தார், கோர்ட்டை விட்டார். ஒத்துழையாமைத் தீர்மானத்தை உறுதி செய்த 1920 நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கிய விஜயராகவாச்சாரியாரும் சேலத்துக்காரர்தான் என்பது பலருக்கும் மறந்துபோன செய்தி.

வெங்கையா முதலில் வரைந்தது சிவப்பு, பச்சை என இரண்டே நிறம். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. மற்ற மதத்தினருக்காக வெள்ளையையும், நடுவில் ராட்டையையும் சேர்க்கச் சொன்னவர் காந்தி. அந்தக் கொடியில் வெள்ளைதான் மேலே. பச்சை நடுவில், சிவப்பு அடியில். நிறத்துக்கு ஒரு மதம் என்று பிரித்தால் என்ன நடக்கும்? எங்கள் நிறம் எங்கே என்று அடுத்தவர் கேட்பார். சீக்கியர்கள் கேட்டார்கள். கடைசியில் 1931-ல் காங்கிரஸ் காவி, வெள்ளை, பச்சை என்று மாற்றியது. நிறங்களுக்கு மத அர்த்தம் கிடையாது, தைரியம், உண்மை, நம்பிக்கை போன்ற குணங்களைத்தான் குறிக்கின்றன என்றும் சொல்லிவிட்டது. ராட்டை மட்டும் அப்படியே இருந்தது.

அந்த ராட்டை ராஜாஜிக்கு வெறும் படம் அல்ல. 1925-ல் திருச்செங்கோடு பக்கம், இப்போது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் புதுப்பாளையத்தில், காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, குடும்பத்தோடு அங்கேயே போய்க் குடியிருந்தார். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்கு நூல் நூற்றுக் கிடைக்கும் கூலிதான் அடுப்பெரியக் காரணம். பஞ்சைக் கொடுப்பது, நூலை எடை போட்டு வாங்குவது, நெய்யக் கொடுப்பது, கதரை விற்பது என்று எல்லாம் அங்கே நடந்தது. மதுவிலக்குக்காக விமோசனம் என்ற பத்திரிகையும் அங்கிருந்து வந்தது. 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் முதன்முதலில் மதுவிலக்கு கொண்டுவந்ததும் சேலம் ஜில்லாவில்தான்.

நடுவில் ஒரு பெரிய முறிவு. வெள்ளையனே வெளியேறு போராட்டம் வேண்டாம், முஸ்லிம் லீக்கோடு பேசி முடிக்கலாம் என்று வாதாடி, 1942-ல் காங்கிரஸைவிட்டே விலகினார். சொந்தக் கட்சிக்காரர்களே அவரைத் துரோகி மாதிரி பார்த்தார்கள். அதையும் தாண்டி இடைக்கால அரசில் அமைச்சரானார். 1947 ஜூனில் கொடிக் குழுவிலும் உறுப்பினரானார்.

குழுவின் முன் இருந்த சிக்கல் லேசானது அல்ல. நாடு பிரியப் போகிறது. ஒரு கட்சியின் கொடியை அப்படியே நாட்டின் கொடி ஆக்கினால் மற்றவர்கள் ஏற்பார்களா? இன்னொரு பக்கம் மவுன்ட்பேட்டன், மூலையில் யூனியன் ஜாக் வைக்கலாமே என்று ஒரு யோசனை கொடுத்தார். நேரு அதை ஏற்கவில்லை. மூன்று வாரத்தில் முடிவு வந்தது: மூவர்ணம் இருக்கட்டும், ராட்டைக்குப் பதில் சாரநாத் அசோகத் தூணில் உள்ள சக்கரம் வரட்டும். ஜூலை 22-ல் நேரு தீர்மானம் கொண்டுவந்தார். சபையில் அவர் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது. ராட்டையின் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர். கொடியைத் திருப்பினால் படமும் இடம் வலமாகப் புரண்டுவிடும். 24 ஆரங்கள் கொண்ட சக்கரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ராட்டையின் சக்கரம் இன்னும் கொடியில் இருக்கிறது, கூடவே அசோகரின் தர்மமும் வருகிறது என்பது வாதம். அன்று சபையில் அதற்குத் தத்துவ விளக்கம் கொடுத்தவர் திருத்தணிக்காரரான ராதாகிருஷ்ணன்.

காந்திக்கு வருத்தம். ராட்டை இல்லாத கொடியை வணங்க மாட்டேன் என்னும் அளவுக்குப் போனார். ராஜாஜியின் நிலையை யோசித்துப் பாருங்கள். மகள் லட்சுமியை காந்தியின் மகன் தேவதாஸுக்குக் கொடுத்த சம்பந்தி அவர். ராட்டையை நம்பிப் புதுப்பாளையத்தில் வாழ்ந்தவர். ஆனாலும் குழுவின் முடிவு நியாயமானதுதான். எல்லோருக்குமான கொடியில் ஒரு கட்சியின் சின்னம் இருக்க முடியாது.

பின்னாளில் ஆப்பிரிக்க நாடுகளும் இதே கேள்வியைச் சந்தித்தன. 1959-ல் நைஜர் ஏற்ற கொடியில் ஆரஞ்சு, வெள்ளை, பச்சை, நடுவில் ஒரு ஆரஞ்சு வட்டம். சட்டென்று பார்த்தால் நம் கொடி மாதிரியே இருக்கும். ஆனா, ஆரஞ்சு சகாரா பாலைவனத்துக்கு, வட்டம் சூரியனுக்கு என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். நிறம் ஒன்று, பொருள் வேறு.

ராட்டை போனாலும் கதர் போகவில்லை. நேரு சபையில் காட்டிய இரண்டு கொடிகளில் ஒன்று கதர்ப் பட்டு, இன்னொன்று கதர்ப் பருத்தி. கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் கொடி என்பது பல காலம் விதியாகவே இருந்தது. 2021 டிசம்பரில்தான் பாலியெஸ்டருக்கும் இயந்திரத் தயாரிப்புக்கும் அனுமதி வந்தது. விலை குறைந்தது, வீட்டுக்கு வீடு கொடி வந்தது. நூற்பவர்கள் கையில் இருந்த ஒரே பாதுகாப்பும் போனது.

1948 ஜூனில் ராஜாஜி கவர்னர் ஜெனரல் ஆனார். அந்தப் பதவிக்குரிய கொடியில் மூவர்ணம் இல்லை: கருநீலத் துணி, கிரீடத்தின் மேல் நிற்கும் சிங்கம், கீழே தங்க எழுத்தில் இந்தியா என்ற பெயர். மூவர்ணத்தை முடிவு செய்த குழுவில் இருந்தவருக்கு ஒன்றரை வருஷம் அதிகாரபூர்வ அடையாளம் அதுதான். 1950 ஜனவரி 26 காலை, டெல்லி தர்பார் மண்டபத்தில் இந்தியா குடியரசானது என்ற அறிவிப்பை வாசித்தவரும் அவரே. அதோடு அந்தப் பதவி ஒழிந்தது, கிரீடம் வைத்த நீலக் கொடியும் இறங்கியது.